நானாவின் வெயிலும் என் பட்டிப்பூவும்

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படலாம். கூடப் படித்தவன் கொழும்பில் மாடி கட்டினால் பொறாமைப்படலாம். அதற்கெல்லாம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கேட்கிறவர்களும் “பாவம், அவனுக்கும் மனசு இருக்குத்தானே” என்று தலையாட்டுவார்கள். நான் பொறாமைப்பட்டது ஒரு மனிதருடைய வெயிலைப் பார்த்து. அதுவும் கலேவெல வெயில். அந்த ஊரில் பிறந்தவர்களே கடைத் தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் தாவித்தான் சந்தைக்குப் போவார்கள். அந்த வெயிலில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று எல்கடுவ மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் வயிறெரிந்தேன்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த நேரம். எனக்கு வயது நாற்பத்தாறு. மூலிகைச் செடிகளை ஆராயும் ஒரு அரசாங்கக் கந்தோரில் வெளிக்கள உத்தியோகத்தன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்குக் கிளாக்கர் வேலைக்கு வந்தவர். நான் மாத்தளையிலேயே பிறந்து, பேச்சு முழுவதும் மலைநாட்டுப் பேச்சாகிப்போனவன். பயப்படுவதில் மட்டும் எந்த ஊரையும் சேராமல் எனக்கென்று ஒரு தனி முறை வைத்திருந்தேன். முதலில் வாய் சிரிக்கும், பிறகு வயிறு இளகும், கடைசியில்தான் மூளைக்குத் தகவல் போகும்.

எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் கந்தோருக்குக் கொஞ்சம் நிலமும் நாங்கள் குடியிருக்க ஒரு குவாட்டஸும் இருந்தன. நிலத்தில் பட்டிப்பூ. வெள்ளையும் ஊதாவுமாக ஐந்து இதழ் விரிக்கிற, ஆடு மாடு வாய் வைக்காத அந்தச் செடிதான். புத்தகத்தில் அதற்கு நித்தியகல்யாணி என்று கல்யாணப் பெயர். சிங்களத்தில் மினி மல், பிணப்பூ. மயானத்தில் தானாக முளைத்து நிற்பதால். அந்தப் பிணப்பூவின் இலையிலிருந்துதான் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் வருகிற புற்றுநோய்க்குக் கூட. சாக்குச் சாக்காக இலையைக் கொட்டினாலும் ஒரு சிட்டிகை மருந்து தேறாது. அந்தச் சிட்டிகையைப் பற்றித்தான் இந்தக் கதை முழுக்க.

கண்டியில் இருந்த எங்கள் மேடம், சிங்களப் பெண்மணி, படிப்பும் பொறுமையும் உள்ளவர், ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி போட்டார். வருஷா வருஷம் ஊர் சூடாகிக்கொண்டு போகிறது. சூடு கூடினால் இந்தச் செடியில் மருந்து கூடுமா, குறையுமா? ஒரே விதையைக் குளிரான எல்கடுவையிலும் கொதிக்கிற கலேவெலையிலும் போட்டு, இலையைப் பறித்து, நிழலில் காயவைத்துக் கண்டிக்கு அனுப்ப வேண்டும். மூன்று தடவை சோதிப்பார்கள். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தபடியால், மூன்றாம் சோதனைக்குப் பிறகு ஒரு நிலம்தான் மிஞ்சும். தோற்ற நிலத்துக்காரர் மற்ற நிலத்துக்கு மாறிப்போய், அங்கே இருப்பவருக்குக் கீழே வேலை செய்யவேண்டும்.

“அங்கே இருப்பவர்” என்ற இடத்தில்தான் என் வயிறு இளகியது.

கலேவெல நிலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்த ஊர் முஸ்லிம் மனிதர். என்னைவிட ஆறு மாதம் மூத்தவர். நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றைக்கே அவருடைய கையெழுத்து கல்யாணக் கார்டு மாதிரி இருந்தது; என்னுடையது கரப்பான் பூச்சி மையில் விழுந்து எழுந்து போனது மாதிரி. எனக்கு முப்பத்தைந்தில் முடி கொட்டியது, அவருக்கு இன்னும் தொப்பியைத் தள்ளிக்கொண்டு வளர்கிறது. நான் சொன்ன பகிடிக்கு மேடம் புன்னகைப்பார். அதே பகிடியை ஒரு மாதம் கழித்து அவர் சொன்னால் கண்ணீர் வரச் சிரிப்பார். பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில் துவக்கும் கையுமாக நிற்கிற சிப்பாய்கள் என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற அவரிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். அந்தத் துவக்கைவிட அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது.

நட்டு மூன்று மாதத்தில் அவருடைய நிலத்தைப் பார்க்கப் போனேன். பார்க்க என்றுதான் கந்தோரில் சொன்னேன், போனது வேவு பார்க்க. அவருடைய செடிகள் முழங்காலுக்குக் கீழே குறுகி, தடித்த இலையோடு, கோபக்காரர்கள் மாதிரி நின்றன. என்னுடையவை இடுப்புயரம், கீரை மாதிரி இலை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“என்ன நானா, செடியெல்லாம் நோன்பு பிடிக்குதா?” என்றேன்.

“மச்சான், உங்கட செடி எப்பிடி ஈக்கி?” இருக்கு என்பது அவர் பேச்சில் ஈக்கி, சொல்லு என்பது செல்லு.

“நீங்க வந்தா உள்ளுக்கு நடந்து போகேலாது. கத்தி கொண்டு வரணும்.”

“மாஷா அல்லாஹ்” என்றார் உண்மையான மகிழ்ச்சியோடு. அந்த மகிழ்ச்சியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் சோதனையின் முடிவு வந்தது. இலையின் சாற்றைக் கண்ணாடித் தட்டில் சொட்டுவிட்டு ஓடவைப்பார்கள். மருந்துச் சத்து தனியாகப் பிரிந்து ஓரிடத்தில் நிற்கும். ஊதா வெளிச்சத்துக்குக் கீழே பார்த்தால் அது பொட்டு மாதிரித் தெரியும். பொட்டு அழுத்தமாக இருந்தால் சத்து அதிகம். மேடம் இரண்டு தட்டுகளின் படத்தையும் எங்கள் முன்னால் வைத்தார். நானாவின் பொட்டு திருவிழாவுக்குப் போகிற பெண்ணின் நெற்றியில் இருப்பது மாதிரி. என்னுடையது, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்துபோன ஒட்டுப்பொட்டு விழுந்த பிறகு மிச்சமிருக்கும் பசை மாதிரி.

“குளிரில் செடி சொகுசாக வளர்கிறது போல. கஷ்டம் இருந்தால்தான் சத்து வைக்கும்” என்றார் மேடம்.

ஒரு செடியைப் பற்றிச் சொன்னதுதான். நாற்பத்தாறு வயது வரை எல்லாரும் என்னைப் பற்றிச் சொன்னதும் அதுவேதான்.

இரண்டாம் சோதனைக்குள் எப்படியாவது என் செடிகளுக்கும் வெயில் காட்டிவிடுவதென்று முடிவெடுத்தேன். மாத்தளைக் கடையில் பொலித்தீன் சுருள் வாங்கி, மூங்கில் வளைத்து, பாத்தியின் ஒரு பகுதிக்கு மேலே கூடாரம் போட்டேன். உள்ளே போதுமான சூடு ஏறுகிறதா என்று பார்க்க ஒரு தெர்மோமீட்டரை வைத்துக்கொண்டு நானும் உள்ளே உட்கார்ந்தேன். அரை மணித்தியாலத்தில் மழை விட்டு, எல்கடுவையில் வராத வெயில் அன்றைக்கென்று வந்தது. கண் இருண்டது. பொலித்தீனை நெஞ்சால் தள்ளிக்கொண்டு நான் பெனியனோடு வெளியே விழுந்தபோது, கொழுந்து பறித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

“சாரு உள்ளுக்கு என்னா செஞ்சாரு?”

“அவிஞ்சிக்கிட்டு இருந்தாரு போல.”

“வெந்திருச்சான்னு பாரு அக்கா!”

செடி வேகவில்லை, அழுகியது. இரண்டாம் பொட்டும் பசைதான். நானாவின் பொட்டு இன்னும் கறுத்திருந்தது.

வீட்டில் என் மனைவி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, இதையெல்லாம் வேறு மாதிரிப் பார்த்தாள். கலேவெலைக்கு மாறிப்போவதை நான் தூக்குத்தண்டனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி என் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அங்க போனா என்னங்க, உடுப்பு காயும்தானே?”

“அவருக்குக் கீழ வேலை செய்யச் சொல்றாங்க.”

“செய்யுங்க. நானா நல்ல மனுசன்.”

“அதுதானே பிரச்சினை!”

“புதன்கெழம தொவச்ச சட்டைங்க இது. இன்னைக்குத் திங்கள். மோந்து பாருங்க. எனக்கு யார் பெரியவன்னு கவலையில்ல. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, பெட்சீட் ரெண்டு பக்கமும் காஞ்சா போதும்.”

ஆக, என் வீட்டுக்குள்ளேயும் ஒருத்தி அவருடைய வெயிலின் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

அவள் சொன்ன அந்த ஈரத்தில்தான் முழு விஷயமும் இருந்தது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பறித்த இலை நிழலில் காயவேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. நானாவின் இலை கொட்டிலுக்குள் ஒன்றரை நாளில் நொறுங்கும். என்னுடையது பத்து நாள் ஆனாலும் மூக்குறிஞ்சிக்கொண்டே கிடக்கும். மூன்றாம் சோதனைக்கு இலை பறித்த வாரம் எல்கடுவையில் மலையே தெரியாத மழை. ஐந்தாம் நாள் இலையில் வெள்ளைப் பூஞ்சை. அவசரம் அவசரமாக மறுபடி பறித்தேன். கண்டிக்கு அனுப்ப மூன்று நாள்தான் இருந்தது. அப்போதுதான் டீமேக்கர் வந்தார். தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர் அவர். மாலையில் என் பகிடியைக் கேட்க வருவார். அன்றைக்குப் பகிடி இல்லை, நான்தான் இருந்தேன்.

“என்னாங்க சார், மொகம் இப்பிடி வாடிக் கெடக்கு?”

“மொகம் வாடிருச்சு. இலைதான் வாட மாட்டேங்குது.”

இலையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். தொழில்காரர் பார்வை. “இதுக்கா சார் இம்புட்டு ரோசன? கொழுந்தையே இருவது நிமிசத்துல காய வச்சி எடுக்குறோம். இது என்னா, கொழுந்தவிட பெரிய எலையா? கொண்டாங்க, டிரையர்ல விட்டுர்லாம்.”

நிழலில் காயவைக்கச் சொன்னார்களே என்று எனக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பயந்தவனின் மூளைக்கு இருக்கிற கெட்டித்தனம் சட்டத்தரணிக்குக் கூடக் கிடையாது. ஸ்டோருக்குக் கூரை இருக்கிறது. கூரைக்குக் கீழே வெயில் விழாது. ஆகவே அது நிழல். இப்படித் தீர்ப்பெழுதிவிட்டு இரண்டு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அனல் காற்று வீசும் அந்த இயந்திரத்துக்குள் ஈரமாகப் போன என் இலை, மறுபக்கம் மொறுமொறுவென்று, கறுத்து, தேயிலையைப் போலவே சுருண்டு கொட்டியது. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, “முதல் தரம் சார். ஏலத்துக்கே அனுப்பலாம்” என்றார். எனக்குப் பெருமை பொங்கியது. தேயிலை பூமியில் வாழ்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது, கலேவெலக்காரனுக்கு இந்த வசதி ஏது என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் விசிலடித்தபடி வந்தேன்.

மூன்றாம் தட்டில் என் பக்கத்தில் பொட்டே இல்லை. பசையும் இல்லை. துடைத்துவிட்ட கண்ணாடி.

மேடம் தொலைபேசியில் மெதுவாகத்தான் பேசினார். வருத்தப்பட வேண்டாம் என்றார். கலேவெல முடிவு தெளிவாக இருக்கிறது, சூடு கூடக் கூடச் செடியில் மருந்து கூடுகிறது என்று அறிக்கை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பத்திரிகைக்கும் ஒரு குறிப்புப் போகிறதாம். செடிகளுக்கு நடுவே நானா நிற்கும் படத்தோடு.

படத்தோடு! நான் கதிரையில் உட்கார்ந்தேன். அதுவும் ஈரமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நானா எல்கடுவைக்கு ஏறி வந்தார். கையில் அவருடைய மனைவி கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டிலப்பம். என்னைத் தேற்ற வந்திருந்தார். வென்றவர் வட்டிலப்பத்தோடு வருவதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. ஏனென்றால் அது மிகவும் ருசியாக இருந்தது. என் மனைவி தேநீர் போட உள்ளே போன நேரத்தில், அவர் மேசை மேலிருந்த தகர டப்பாவைத் திறந்தார். மிஞ்சிய பட்டிப்பூ இலையை நான் அதில் போட்டு வைத்திருந்தேன். ஒரு இலையை எடுத்துப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“மச்சான், இது எங்க காய வச்ச?”

“நிழல்ல.”

“எந்த நிழல்ல?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“செல்லுங்க மச்சான்.”

“ஸ்டோர் நிழல்ல.”

“டிரையர்லயா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். தொப்பி கழன்று விழுந்தது, எடுக்காமல் சிரித்தார். தேநீரோடு வந்த என் மனைவி, விஷயம் என்னவென்றே தெரியாமல் அவளும் சிரித்தாள். என் இருபது வருஷப் பகிடி எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் நேரே பாத்திக்குப் போனார். பச்சை இலையைக் கசக்கி, நாக்கில் படாமல் மூக்கோரம் வைத்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து சொன்னதில் சிரிப்பு இல்லை.

“உங்கட செடி நல்ல செடிதான். முதல் ரெண்டு தடவையும் ஈரத்துல புழுங்கிப் போயிருக்கும், இந்தத் தடவ நீங்களே வறுத்துட்டீங்க. குளிர்ல வளர்ந்ததாலதான் சத்து இல்லண்டு மேடம் எழுதப் போறாங்க. அது பிழை. நீங்க செல்லோணும்.”

“நீங்க சொல்லுவீங்களா?”

“நான் செல்ற இல்ல. இலை உங்கட, வாய் உங்கட.”

யோசித்துப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருந்தால் நிலமும் அவருடையது, நானும் அவருடையவன், பத்திரிகையும் அவருடையது. எனக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் வட்டிலப்பத்தின் பாத்திரத்தைக் கூடத் திரும்ப வாங்காமல் ஓடியிருப்பேன். அவருடைய முடி, கையெழுத்து, வெயில் இவற்றுக்கெல்லாம் பட்ட பொறாமை போதாதென்று, இப்போது அவருடைய நல்ல குணத்துக்கும் சேர்த்துப் பட வேண்டியதாயிற்று.

மேடம் அடுத்த புதன்கிழமை கலேவெல நிலத்தைப் பார்க்க வருகிறார் என்றார் அவர். நானும் வருகிறேன் என்றேன். நான் ஏதோ உண்மையின் பக்கம் நின்றேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பத்திரிகையில் அந்த மனிதர் தலைமுடியோடு நிற்கும் படத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் அவமானப்பட்டாலும் பரவாயில்லை, அவருடைய வெயிலுக்கு மட்டும் பட்டம் கொடுத்துவிடக் கூடாது. என்னை உண்மை பேச வைத்தது சுத்தமான, கலப்படமில்லாத எரிச்சல்.

அன்று விடியற்காலையில் பச்சை இலை பறித்து, ஈரச்சாக்கில் கட்டி, மாத்தளைக்கு இறங்கி, தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நாலந்தா கழிந்து ஓரிடத்தில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். சாக்கைக் கண்டதும் இளம் சிப்பாய் ஒருவர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். சாக்கில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அன்றைக்குத் தண்ணீர் எல்லாம் உள்ளங்கையில் வந்தது.

“மினி மல், மாத்தயா” என்றேன்.

பிணப்பூவைச் சாக்கு நிறைய யார் கொண்டுபோவார்? “யார் செத்தது?” என்று கேட்டார்.

“இன்னும் யாரும் இல்லை” என்றது என் வாய்.

சொல்லி முடித்த பிறகுதான் மூளைக்குத் தகவல் போனது. ஒரு தமிழன், ஒரு சாக்கு, சோதனைச் சாவடி, “இன்னும் யாரும் இல்லை”. இதைவிட நல்ல பதிலை எந்த எதிரியும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது. கந்தோர் அட்டையை நீட்டினேன், மேடத்தின் கடிதத்தை நீட்டினேன், கேட்காமலே பஸ் டிக்கட்டையும் நீட்டினேன். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற இலை என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

சிப்பாய் கடிதத்தை வாசித்தார். சாக்கைக் கொட்டச் சொல்வார் என்று நின்றேன். அவர் ஒரு இலையை எடுத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இதை அவித்துக் குடித்தால் சரி வருமா?” என்றார்.

“ஐயோ, கூடவே கூடாது. விஷம். மருந்தை ஆஸ்பத்திரியில்தான் ஊசியாக ஏற்றுவாங்க.”

“ஆஸ்பத்திரியில் கொடுக்கிறாங்க” என்றார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாக்கின் வாயை அவரே இறுக்கிக் கட்டி, பஸ்ஸின் படிவரை தூக்கிவந்து வைத்தார். மீதி வழியில் நான் யாரையும் திட்டாமல் வந்தேன். அதிக தூரமில்லைதான், ஆனாலும் அது எனக்குப் புதுசு.

கலேவெலையில் மேடம் நானாவின் கொட்டிலுக்குள் நின்றார். சாக்கை அவர் காலடியில் வைத்து, தலையைக் குனிந்து, பூஞ்சையில் தொடங்கி டிரையர் வரை ஒப்புவித்தேன். பொலித்தீன் கூடாரத்தைச் சொல்லத் தேவையில்லைதான். வாய் ஓடின வேகத்தில் அதுவும் வெளியே வந்துவிட்டது.

“டிரையருக்குள் எவ்வளவு சூடு இருக்கும்?” என்றார் மேடம்.

திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு அது விளங்கவே இல்லை. “கொதிதண்ணியைவிடக் குறையாது மேடம்.”

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். முகத்தில் கோபத்தைக் காணோம். பிழைபோன இலக்கத்தைப் பிடித்துவிட்ட கணக்கு ரீச்சரின் முகம். செடி வளரும்போது படுகிற சூடு வேறு, பறித்த பிறகு இலை படுகிற சூடு வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறோம் என்றார். குழப்பியிருக்கிறோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

“மேடம், இவரு அத டீ போட்டுக் குடிச்சிப் பாக்கல்ல. அதுக்கு நாம சந்தோசப்படோணும்” என்றார் நானா சிங்களத்தில். மேடம் கண்ணீர் வரச் சிரித்தார். என் அவமானத்தில் கூடப் பகிடி அவருடையது.

இரண்டு நிலத்து இலையையும் அதே கொட்டிலில், ஒரே கயிற்றுக் கட்டிலில், பக்கத்தில் பக்கத்தில் காயவைத்தோம். நாலாம் தட்டில் என் பொட்டு வந்தது. நானாவின் பொட்டைவிட ஒரு சாயல் வெளிறல்தான். ஆனால் என் செடியில் இலை அவருடையதைப்போல் இரண்டு பங்கு. கூட்டிக் கழித்தால் ஆளுக்கு ஆள் சரி. அறிக்கை நின்றது, பத்திரிகைக் குறிப்பு நின்றது, இரண்டு நிலமும் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று மேடம் மேலிடத்துக்கு எழுதினார். நான் அந்தப் பொட்டின் படத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தேன். மனைவி ஒரு வாரம் கழித்து, “இது யாரோட எக்ஸ்ரேங்க?” என்றாள்.

அடுத்த வருஷம் மழை கலேவெலையை மறந்துவிட்டது. குளம் வற்றி, கிணற்றில் வாளி தட்டுகிற சத்தம் கேட்கும் அளவுக்கு வெயில். நான் ஆசைப்பட்ட வெயில்தான், ஆனால் யாருக்கும் அளவு சொல்லாமல் வந்திருந்தது. முதலில் நானாவின் பொட்டு இன்னும் கறுக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும் அதற்காக முன்கூட்டியே வயிறெரிந்து வைத்திருந்தேன். தட்டைப் பார்த்தால் பொட்டு வெளிறியிருந்தது. கொஞ்சம் சூடு செடியை உசுப்பிவிடும், சத்தைச் சேர்க்கும். எல்லை தாண்டினால் உயிரைப் பிடித்துக்கொள்ளவே அதற்குப் பலம் காணாது, மருந்து எங்கே செய்யும் என்று மேடம் விளக்கினார்.

நான் போய்ப் பார்த்தேன். கோபக்காரர்கள் மாதிரி நின்ற செடிகள் விரல்நகம் அளவு இலையோடு ஓரம் கருகிக் கிடந்தன. நானா தென்னோலை முடைந்து பாத்திக்கு மேலே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். நான் வெயிலுக்குப் பொலித்தீன் கட்டினேன், அவர் நிழலுக்கு ஓலை கட்டுகிறார். என்னைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

“எல்கடுவையில மழையா மச்சான்?”

“தூறல்தான்” என்றேன். நல்ல மழை. முதல் தடவையாக அவருடைய குரலில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று கேட்டது. என்னிடம் இருப்பதைப் பார்த்து ஏங்குகிற குரல். இருபது வருஷமாக இதைக் கேட்கக் காத்திருந்தவன் நான். கேட்டதும் துள்ளியிருக்க வேண்டும். ஏணியைத்தான் பிடித்துக்கொண்டேன், அது ஆடியது.

பந்தலும் காப்பாற்றவில்லை. அதற்கடுத்த தட்டும் வெளிறியே வந்தது. மேலிடம் செலவுக் கடிதத்தை மறுபடி எடுத்தது. கலேவெல நிலம் மூடப்பட்டது. அவர் எல்கடுவைக்கு மாற்றப்பட்டார், எனக்குக் கீழே.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க மாட்டேன். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம், சீனி இல்லாமலே இனித்தது. பிறகு, சொந்த வீட்டையும் மனைவியையும் விட்டு வாரக் கடைசியில் மட்டும் கலேவெலைக்குப் பஸ் ஏறப்போகிற மனிதரை நினைத்தேன். இரண்டாவது கோப்பை வழக்கமான ருசியில் இருந்தது.

திங்கட்கிழமை காலை மழைக்குள் வந்து இறங்கினார். கையில் ஒரு சூட்கேஸ், மெல்லிய வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு. குவாட்டஸ் வாசலுக்கு வருவதற்குள் கணுக்காலில் இரண்டு அட்டை கடித்துத் தொங்கின. நடுங்கிக்கொண்டு நின்றார், பல்லு தந்தியடித்தது.

“மச்சான், இங்க மனுசன் இருக்கேலுமா? நான் செத்துப் போவேன்.”

“முதல் இருபது வருஷம்தான் கஷ்டம் நானா. வாங்க உள்ளுக்கு.”

மேலதிகாரி என்ற முறையில் முதல் கட்டளையாக என்ன சொல்வது என்று வாரமெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். குளிரில் நீலமாகிப் போன அந்த உதட்டைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். அலுமாரியைத் திறந்து என் சாம்பல்நிற சுவெட்டரை எடுத்தேன். கண்டியில் வாங்கியது; நான் போட்டால் தோள் தொங்கும், வயிறு தெரியும், மனைவி அதைப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பாள். “போடுங்க” என்று கொடுத்தேன்.

தலையை நுழைத்து இழுத்துவிட்டார். தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் நின்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

தேநீரோடு வந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அட, நானா! அளவெடுத்துத் தச்ச மாதிரியில்ல இருக்கு” என்றாள்.